வாய்க்காலில் வனாமி

நான் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி நடக்கும்போதெல்லாம் என் பெயரை வைத்து ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்களாம். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிற எனக்கு அது அவ்வப்போது காதுக்கு வரும். போன மாதம் நித்யா என்ற ஆராய்ச்சி மாணவி போன் செய்தாள். "மேடம், கழிமுகத்துல மீன் செத்த கேஸ நீங்களே எழுதிக் குடுங்க மேடம். எங்க ஆண்டு மலருக்கு வேணும். நாங்க சொல்றத விட நீங்க சொன்னா நல்லா இருக்கும்" என்றாள். தலைப்புகூட யோசித்து வைத்திருந்தாள்: 'நேர்மையின் விலை'. அதைக் கேட்டதும் எனக்கு முகம் சுட்டது. எழுதுகிறேன், ஆனால் அந்தத் தலைப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வேலை ரொம்ப மாறிவிட்டது. ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து வடிகட்டி, வடிதாளை அனுப்பினால் போதும். அந்த ஏரியில் என்ன மீன் இருக்கிறது, என்ன நண்டு இருக்கிறது, எந்தப் பறவை வந்து போனது என்று மரபணுவை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். எங்கள் காலத்தில் சேற்றில் இறங்கினால்தான் வேலை நடக்கும். கழுவெளி ஏரியில் மழைக்கு நல்ல தண்ணீர் நிற்கும், கோடையில் கடல் உப்பு ஏறி வரும். அந்த மாற்றத்தோடு சேற்றுக்குள் வாழ்கிற புழு, சிப்பி, சின்ன நண்டு எல்லாம் எப்படி மாறுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. தண்ணீர் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு ஓடிவிடும். சேறு அங்கேயே கிடக்கும். ஏரிக்கு நடந்ததெல்லாம் அதற்குத் தெரியும்.

பெருமுக்கல் தாண்டி மரக்காணம் போகிற வழியில் எங்கள் ஊர். பங்குக் கோயிலைச் சுற்றித்தான் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களின் வீடுகள். அப்பா பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. படகில் ஆண்களோடு போக வேண்டும் என்றதும் அம்மா மறித்தாள். "பிலோ, நீ படிக்கிறது எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா தனியா போகக் கூடாது. சகாயத்தக் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள்.

சகாயம் என் தம்பி. அப்போது கல்லூரியில் சேர்ந்த புதிது. விடுமுறை நாளெல்லாம் என்னோடு வந்தான். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு நான் சேற்றில் நிற்கும்போது, சாலையில் பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்க்கிறவர்களை விரட்டுவான். போகப் போக வேலையும் கற்றுக்கொண்டான். இரும்புத் தாடை மாதிரி இருக்கும் கருவியைக் கயிற்றில் இறக்கி, அடிச்சேற்றைக் கவ்வி மேலே கொண்டுவருவான். அதைச் சல்லடையில் போட்டு, புழு அறுந்துவிடாமல் தண்ணீரில் மெதுவாக ஆட்டி அலசுவான். என் கையை விட அவன் கை பக்குவம். அந்த ஆராய்ச்சிப் புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் அவன் பெயர் இருக்கிறது.

நிலையத்தில் எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் குணசீலன். உயரமான மனிதர். களத்துக்கு வந்தால் காக்கிப் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, கழுத்தில் ஒரு துண்டு போட்டுக்கொள்வார். நான் இருந்த காலம் முழுக்க அவர் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசிப் பார்த்ததில்லை. நாம் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தால், வாயைத் திறக்காமல் அவரே அதை முதலிலிருந்து செய்வார். நாம் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சேர்ந்த புதிதில் ஒரு சாக்கடை வாய்க்காலின் கறுப்புச் சேற்றைப் பார்த்து, நாற்றம் தாங்காமல், 'உயிர் எதுவும் இல்லை' என்று குறித்துக் கொடுத்தேன். சார் அந்தச் சேற்றைத் தானே அலசி, சல்லடையில் ஒட்டியிருந்த நூல் மாதிரிச் சிவப்புப் புழுக்களைக் காட்டினார். அழுக்கில்தான் பெருகுகிற புழு அது. வேறு எதுவும் வாழ முடியாத இடத்தில் அது மட்டும் மொய்க்கும். "பாத்தியாம்மா, நெனச்சியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். பிறகு எந்த முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்தக் கேள்வி வரும். பார்த்தேன் என்றால் எப்படிப் பார்த்தாய் என்று சொல்ல வேண்டும். நினைத்தேன் என்றால் திரும்பிப் போக வேண்டும்.

அவரிடம் நான் கற்றதில் ஒன்றை மட்டும் இங்கே விவரமாகச் சொல்ல வேண்டும். தண்ணீரில் மீன் மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று களத்திலேயே பார்க்கும் முறை அது. இப்போது கருவியை நனைத்தால் எண் வந்துவிடுகிறது. அப்போதும் நிலையத்தில் கருவி இருந்தது, ஆனால் சார் அதை நம்ப மாட்டார். கண்ணாடி மூடி போட்ட சின்ன பாட்டிலை எடுத்து, அந்த இடத்துத் தண்ணீராலேயே கழுவி, கழுத்துவரை தண்ணீருக்குள் சாய்த்து நிரப்ப வேண்டும். ஒரு குமிழிகூட உள்ளே போகக் கூடாது. போனால் வெளிக்காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக, குழாயின் நுனி தண்ணீருக்குள் இருக்கும்படி விட வேண்டும். மூடியைப் போட்டு பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கி, நிழலில் வைக்க வேண்டும். காற்று இருக்கிற தண்ணீர் என்றால் உள்ளே செம்மண் கரைத்த மாதிரி பழுப்பாகப் படியும். இல்லையென்றால் வெள்ளையாகப் படியும், கஞ்சி மாதிரி. வெள்ளை என்றால் அந்தத் தண்ணீரில் எந்த மீனும் பிழைக்காது.

இனி அந்தக் கேஸ்.

நான் ஐம்பதைத் தொட்ட வருஷம். நல்ல கோடை. கோடையில் கழிமுகத்தின் வாயை மணல் அடைத்துவிடும், உள்ளே இருக்கிற தண்ணீர் கடலுக்குப் போக முடியாமல் நிற்கும். அப்படி அடைபட்டிருந்த ஒரு காலையில் கரையோர மீனவர் குப்பத்திலிருந்து நிலையத்துக்குப் போன் வந்தது. ஏழுமலை பேசினார். குப்பத்துப் பஞ்சாயத்தில் முக்கியமானவர். "சார், ஒடனே வாங்க. மீனெல்லாம் செத்து மெதக்குது. உப்பளத்துக்காரன் வேலய காட்டிட்டான்" என்றார்.

நாங்கள் போனபோது கரை முழுக்க வெள்ளை வயிறாக இருந்தது. மடவை, கிழங்கான், கொடுவா, விரல் நீளக் குஞ்சுகள். நண்டுகள் தண்ணீரை விட்டு ஏறி வந்து கரையில் செத்திருந்தன. பெண்கள் கூடைகளோடு நின்றார்கள், பொறுக்கவும் இல்லை, போகவும் இல்லை. அந்தக் கழிமுகத்தில் வலை போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் அவை.

உப்பு விளைந்து எடுத்த பிறகு பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். எண்ணெய் மாதிரி கனமாக இருக்கும். அதை வாய்க்காலில் திறந்துவிட்டால் மீன் சாகும். அங்கிருந்த உப்பளக் குத்தகைக்காரர் அதற்கு முன்பு இரண்டொரு முறை அப்படிச் செய்தவர்தான். அதனால் குப்பத்தில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. முந்தின நாள் மாலை, மீன் மிதக்க ஆரம்பித்ததுமே, பத்துப் பதினைந்து பேர் உப்பளத்துக்குப் போயிருக்கிறார்கள். முதலாளி அங்கே இல்லை. மதகுக் காவல்காரர் காசி இருந்திருக்கிறார். அவர் கையை உடைத்துவிட்டார்கள். உப்பளத்தில் வேலை நின்றுபோனது.

நாங்கள் பாட்டில்களை இறக்கும்போது ஒரு பெண் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்தாள். கணுக்காலெல்லாம் உப்பு வெடிப்பு. காசியின் மனைவி கஸ்தூரி.

"மேடம், எங்க வூட்டுக்காரு மதகத் தொறக்கவே இல்ல மேடம். மாதா கோயில்ல வேணும்னாலும் வந்து சத்தியம் பண்றேன். தண்ணியப் பாத்தா யாரு வுட்டதுன்னு தெரியுமா?"

"தெரியும்மா" என்றேன்.

"தெரிஞ்சா மறைக்காம சொல்லுவீங்களா?"

"அதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

கழிமுகத்தின் வாய்ப்பக்கம் முதல் பாட்டில். வெள்ளை. கொஞ்சம் உள்ளே போய் அடுத்தது. அதுவும் வெள்ளை. குணசீலன் சார் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எது வரைக்கும் வெள்ளைன்னு பாத்துக்கிட்டே போவோம்" என்றார். படகைத் தள்ளிக்கொண்டு ஏரிப் பக்கமாகப் போனோம். மேற்கே ஒரு வாய்க்கால் வந்து கலக்கிற இடம் வரைக்கும் வெள்ளை. அதைத் தாண்டியதும் பழுப்பு. அங்கே குஞ்சு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. ஆக, வந்தது அந்த வாய்க்கால் வழியாகத்தான்.

அந்த வாய்க்காலுக்கு ஒரு கரையில் உப்பளம், மறுகரையில் இறால் பண்ணைகள்.

உப்பளவு பார்க்கிற சின்னக் குழாயில் ஒரு சொட்டு வாய்க்கால் தண்ணீரை விட்டு, கண்ணில் வைத்துப் பார்த்தேன். கசப்புத் தண்ணீர் கலந்திருந்தால் குழாயின் அளவையே தாண்டிப் போகும். இது கழிமுகத்துத் தண்ணீரை விடவே குறைவு. சாரிடம் கொடுத்தேன். அவரும் பார்த்தார். "உப்பளம் இல்ல" என்றார். பிறகு கைவலையை வாய்க்காலின் ஓரத்தில் போட்டு இழுக்கச் சொன்னார். கறுப்புச் சேற்றோடு செத்த இறால்கள் வந்தன. கழுவிப் பார்த்தேன். வனாமி.

வனாமி நம் கடலில் பிறக்கிற இறால் இல்லை. பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து, பண்ணைக் குளத்தில் மட்டும் வளர்ப்பது. வாய்க்காலில் அது இவ்வளவு கிடக்கிறது என்றால் யாரோ குளத்தின் மதகைத் திறந்திருக்கிறார்கள். ஒரு இறாலின் ஓட்டை உரித்து வெயிலில் பிடித்தேன். சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பண்ணைக்காரர்கள் பெயரைச் சொல்லவே பயப்படுகிற நோய் அது. அந்த நோய் வந்தால் குளத்துத் தண்ணீரை வெளியே விடக் கூடாது. பிளீச்சிங் பவுடர் போட்டு, மதகை அடைத்து, நாள்கணக்காக நிறுத்தி வைக்க வேண்டும். யாரோ அந்தப் பொறுமை இல்லாமல், செத்து அழுகிய குளத்தை அப்படியே திறந்துவிட்டிருக்கிறார்கள்.

அந்த வாய்க்காலில் தண்ணீர் விடக்கூடிய பண்ணைகள் மூன்று. நடுவில் இருப்பது சகாயத்தின் பண்ணை.

ஜீப்பில் ஏறியதும் சொன்னேன். "சார், மூணுல ஒண்ணு என் தம்பியோடது."

சார் டிரைவரை வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். என் மடியில் இருந்த பாட்டில் பெட்டியை வாங்கி, பின்னால் இருந்த உதவியாளரிடம் கொடுத்தார். "இதுக்கு மேல ஒரு பாட்டிலையும் நீ தொடாதம்மா. நாளைக்கு உன் கை பட்டதுன்னு யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. நீ வீட்டுக்குப் போறதுன்னா பஸ் ஸ்டாண்டுல இறக்கி விடுறேன். அது தப்பே இல்ல. வர்றதுன்னாலும் வா. நீ முடிவு பண்ணு."

"மூணுல ஒண்ணுதானே சார்" என்றேன்.

"ஆமா. ஒண்ணுதான்."

நானும் போனேன். முதல் பண்ணையில் காற்றடிக்கிற விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. குளம் நிறையத் தண்ணீர். சொந்தக்காரர் வலை வீசி உயிருள்ள இறாலைக் காட்டினார். கடவுளே, மூன்றாவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாவது பண்ணைக்காரருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

நடுப் பண்ணையில் விசிறிகள் நின்றிருந்தன. ஒரு குளம் காலி. அடியில் கறுப்புச் சேறு, அதன் மேல் காக்கைக் கூட்டம். சகாயம் சிரித்த முகத்தோடு வந்தான். அவனுக்குச் சாரை இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். "வாங்க சார், வெயில்ல வந்திருக்கீங்க, எளனி வெட்டச் சொல்றேன்" என்றான்.

"இருக்கட்டும் தம்பி. இந்தக் கொளம் எப்போ தொறந்தீங்க?"

"தொறக்கலையே சார். போன வாரமே இறால் புடிச்சாச்சி. தண்ணி வெயில்லயே வத்திப்போச்சி."

சார் குளத்தின் வரப்போரமாக நடந்தார். ஒரு மூலையில் சுண்ணாம்பு கொட்டி, மேலாக மண் தள்ளியிருந்தது. குச்சியால் கிளறினார். உள்ளே இறால்கள், பாதி அழுகியவை. அவர் நிமிர்ந்து சகாயத்தைப் பார்த்தார். சகாயம் என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீ சொல்லு சார்கிட்ட. நான் அப்படிச் செய்யறவனா? நீ சொன்னா சார் கேப்பாரு."

என் வாழ்க்கையில் அந்த நிமிஷம் போல் ஒன்று வேண்டாம். உதவியாளர் பாட்டில் பெட்டியோடு தரையைப் பார்த்தான். டிரைவர் தள்ளிப் போய் நின்றுகொண்டான். சேற்றில் என்ன சாகும், என்ன மிஞ்சும் என்று என் பக்கத்தில் நின்று வருஷக்கணக்கில் பார்த்தவன் இவன். தெரியாமல் செய்தான் என்றுகூட என்னால் நினைத்துக்கொள்ள முடியவில்லை.

"மதகக் காட்டு சகாயம்" என்றேன்.

அவன் நகரவில்லை. நானே போனேன். மதகுப் பலகையின் வெளிப்பக்கம் இன்னும் ஈரம் காயவில்லை. இடுக்கில் வனாமி ஓடுகள் ஒட்டியிருந்தன. சார் வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "போதும்மா, வா" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் சகாயம் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவும் நானும் ஒரு வீட்டில், அடுத்த வீட்டில் அவன் குடும்பம். அவன் மகள் ஜெனிக்குக் கிளியனூர் பக்கம் மாப்பிள்ளை பார்த்து, முந்தின ஞாயிறுதான் கோயிலில் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். கல்யாணம் செய்யப்போகிற இருவரின் பெயரை மூன்று ஞாயிறு வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று சாமியார் கேட்கிற வழக்கம் அது. இன்னும் இரண்டு ஓலை பாக்கி.

வாசலிலேயே நின்றுகொண்டு பேசினான். "வியாதி வந்துச்சிக்கா. ரெண்டே நாள்ல எல்லாம் படுத்துடுச்சி. பக்கத்துப் பண்ணைக்காரனுக்குத் தெரிஞ்சா உள்ள பூந்து அடிப்பான். தொறந்து வுட்டுட்டேன். கடலுக்குப் போயிடும்னு நெனச்சேன்."

"வாய் அடைச்சிருக்குதுன்னு உனக்குத் தெரியாதா?"

"உப்பளத்தான் எத்தன வாட்டி வுட்டிருக்கான்? எவன் கேட்டான்? இந்த ஒரு வாட்டி அவன் தலையில போகட்டுமே. நீ எதுவும் பொய் சொல்ல வேணாம். ஒண்ணும் தெரியலன்னு சொன்னா போதும்" என்றான்.

எனக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. ஏழுமலையும் இவனும் பழக்கம். குப்பத்தில் நல்லது கெட்டதுக்கு இவன் போய் நிற்பான்.

"உப்பளம்னு குப்பத்துல மொதல்ல சொன்னது யாரு?"

அவன் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சகாயம், நீயா?"

"என்னக் கேட்டாங்க. உப்பளமா இருக்கும்னு சொன்னேன். கைய ஒடைப்பானுங்கன்னு நான் கண்டேனா?"

அம்மா சமையல் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "பிலோ, ஜெனி கல்யாணம்டி. ஓலை வாசிச்சிக்கிட்டு இருக்காங்க. அது முடியிற வரைக்குமாவது வாய மூடிக்கிட்டு இருடி" என்றாள். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரக்கமும் கோபமும் வருமென்று நினைத்தேன். வந்தது வெட்கம்தான். காலையில் கஸ்தூரியிடம் அத்தனை தைரியமாகப் பேசியவளின் வீட்டுக்குள்ளேயே இது உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை குப்பத்து மீன் ஏலக்கூடத்தில் பஞ்சாயத்துக் கூடியது. அதிகாரிகள் வந்திருந்தார்கள். நீ வர வேண்டியதில்லை என்று சார் காலையிலேயே போனில் சொல்லியிருந்தார். நான் பஸ் ஏறிப் போய்க் கடைசியில், பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். உப்பள ஆட்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். காசி கழுத்தில் கட்டுப் போட்ட கையோடு நின்றார். சகாயம் முன்வரிசையில் ஏழுமலைக்குப் பக்கத்தில் இருந்தான். ஏழுமலை அவன் தோளில் கை போட்டிருந்தார்.

சார் எழுந்து, எப்போதும் போல மெதுவான குரலில், எங்கே எடுத்தோம், என்ன பார்த்தோம் என்று வரிசையாகச் சொன்னார். பழுப்புப் பாட்டிலையும் வெள்ளைப் பாட்டிலையும் தூக்கிக் காட்டினார். "இது உப்பளத்துத் தண்ணி இல்ல. நோய் வந்த ஒரு இறால் கொளத்தத் தொறந்து வுட்டிருக்காங்க. எந்தப் பண்ணைங்கிறத அதிகாரிங்ககிட்ட எழுதிக் குடுத்திருக்கேன். நடவடிக்கை அவங்க எடுப்பாங்க" என்றார்.

கூட்டம் விடவில்லை. "அதெல்லாம் வேணாம் சார், பேரச் சொல்லு." "எழுதிக் குடுத்தா எல்லாம் அமுங்கிப் போயிடும்." "யாரு பண்ணை? இங்கயே சொல்லு." ஏழுமலை சகாயத்தின் தோளில் கையை ஊன்றி எழுந்து நின்று கேட்டார், "சார், நீங்க நல்லவரு. எங்க ஆளுங்க ஒருத்தன் கைய ஒடச்சிட்டு வந்திருக்கானுங்க. தப்பான ஆளுன்னா நாங்க அவன் கால்ல வுழணும். யாருன்னு தெரியாம எப்படி?"

சார் வாயைத் திறந்து மூடினார். கூட்டத்தில் எல்லாப் பக்கமும் பார்த்தார், நான் உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. எனக்காகத்தான் தயங்குகிறார் என்று தெரிந்தது. வாழ்நாள் முழுக்கத் தெரிந்ததை மறைக்காத மனிதரை என் வீட்டு விவகாரம் அங்கே திணற வைத்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெரிய தைரியத்தில் எழுந்தேன் என்று இப்போது சொல்கிறார்கள். இல்லை. உட்கார முடியாமல்தான் எழுந்தேன்.

"சகாயராஜ் பண்ணை" என்றேன். குரல் வெளியே வரவில்லை. திரும்பச் சொன்னேன். "சகாயராஜ் பண்ணை. என் தம்பி."

யாரும் கத்தவில்லை. ஏழுமலை சகாயத்தின் தோள்மேல் இருந்த தன் கையைப் பார்த்தார், எடுத்துக்கொண்டார். சகாயம் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று, "ஆமா" என்றான். "உப்பளம்னு கை காட்டினதும் நான்தான். அது ஏழுமலைக்குத் தெரியும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தான். என் பக்கத்தில் இருந்த ஒரு மீன்காரம்மா என் முதுகைத் தடவினாள். அவள் திட்டியிருக்கலாம்.

அந்த ஞாயிறு இரண்டாம் ஓலை. சாமியார் ஜெனியின் பெயரை 'சகாயராஜ் மகள்' என்று சேர்த்து வாசித்தபோது பெஞ்சுகளில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சகாயம் வழக்கமான இடத்தில் மனைவியோடு உட்கார்ந்திருந்தான். வராமல் இருந்திருக்கலாம், வந்திருந்தான். பூசை முடிந்து வெளியே வந்தால் மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பக்கத்தில் கஸ்தூரி நின்றாள். நேரே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "மேடம், அளம் தொறந்துட்டாங்க மேடம். குப்பத்துக்காரங்க வந்து இவருகிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. உங்களாலதான்" என்று அழுதாள். அப்போது சகாயத்தின் மனைவி எங்களைத் தாண்டிப் போனாள். நான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். நன்றி சொல்ல நடந்தே வந்தவளிடமிருந்து கையை இழுத்துக்கொண்டேன். கஸ்தூரிக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்து, "உங்க தம்பிய ஒண்ணும் பண்ணிடாதீங்கன்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லியிருக்கேன் மேடம்" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

பண்ணையை மூடினார்கள். கழிமுகத்தின் வாயை வெட்டிவிடக் குப்பத்து ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கியபோது சகாயமும் போய் இறங்கினானாம். யாரும் அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காசியைப் பார்க்கவும் ஒருநாள் போனான். காசி முகம் கொடுத்துப் பேசவில்லை. கஸ்தூரி டீ போட்டுக் கொடுத்தாளாம். காசியின் கை கடைசிவரை முழுக்க நீளவில்லை. ஜெனியின் கல்யாணம் நிற்கவில்லை, ஆனால் பெரிய பந்தல் இல்லாமல், சத்தமில்லாமல் நடந்தது. நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். அம்மா என்னோடு பேசினாள், சாப்பாடு போட்டாள். சாகும்வரை அந்த விஷயத்தை மட்டும் எடுக்கவில்லை. சகாயம் இப்போது ஈசிஆரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். கொஞ்ச வருஷம் கழித்து என்னோடு பேச ஆரம்பித்தான். பழைய மாதிரி இல்லை, ஆனால் பேசுகிறான்.

அவன் செய்தது எனக்கு வெட்கம், அது ஒன்று. அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அவன் தலை குனிந்த இடத்தில்தான் எனக்குப் பேர் வந்தது. நிலையத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். வெளியூர்க் கூட்டங்களில் அறிமுகம் செய்யும்போது சொந்தத் தம்பியையே காட்டிக் கொடுத்தவர் என்று, பாராட்டாகத்தான், சொன்னார்கள். முப்பது வருஷம் சேற்றில் நின்று நான் கண்டுபிடித்த புழுவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஓய்வு பெறுகிற அன்று நிலையத்தில் விழா வைத்தார்கள். குணசீலன் சார் அதற்குள் காலமாகிவிட்டார். குடும்பத்தைக் கூட்டி வரச் சொன்னார்கள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சகாயத்தைக் கூப்பிட்டேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தான்.

புதிதாக வந்திருந்த டைரக்டர் பேசினார். வெளி மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், யார் எவரென்று அவருக்குத் தெரியாது. மீன் செத்த கதையை ஆரம்பித்தார். நான் மேடையில் இருந்து தலையை அசைத்தேன், வேண்டாம் என்று கையைக்கூடக் காட்டினேன். அடக்கத்தில் மறுக்கிறேன் என்று நினைத்து இன்னும் உற்சாகமாகச் சொன்னார். "அந்தக் குற்றவாளி யார் தெரியுமா? மேடத்தின் சொந்தத் தம்பி!" என்று கொஞ்சம் நிறுத்தினார். கூட்டம் முழுக்கக் கை தட்டியது. நான் இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். சகாயமும் தட்டிக்கொண்டிருந்தான். சுற்றி எல்லோரும் தட்டும்போது அவன் மட்டும் சும்மா இருந்தால் தெரிந்துவிடும் என்று தட்டினானா, எனக்காகத் தட்டினானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

விழா முடிந்து எல்லோரும் தட்டில் பிரியாணி வாங்கிக்கொண்டு நின்றார்கள். என் கழுத்தில் மாலை, தோளில் சால்வை. சேர்ந்து ஒரு வாரமே ஆன ஒரு பெண் எங்களிடம் வந்தாள். என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். பிறகு மரியாதைக்காகச் சகாயத்தின் பக்கம் திரும்பி, "சார், நீங்க மேடத்துக்கு என்ன வேணும்?" என்றாள்.

"தம்பிம்மா."

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது. எப்படியாவது சமாளிக்க வேண்டும் என்று, "மேடத்துக்கு எத்தன தம்பிங்க சார்?" என்று கேட்டுவிட்டாள்.

"ஒருத்தன்தாம்மா" என்றான் சகாயம்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காதுவரை சிவந்துவிட்டது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சால்வையின் நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அவன்தான் பேசினான்.

"சாப்புடும்மா, ஆறிடப்போவுது."